பீம் டிஃப்ளெக்‌ஷன்: கையில் 14.7, சாஃப்ட்வேரில் 2.9. எது சரி?

புதுசெங்கல்:
அண்ணன்மாரே, அவசரம். நாளைக் காலை டிராயிங் கொடுக்கணும். 6 மீட்டர் பீம். லோடில் பீம் நடுவில் எவ்வளவு தொய்யும் என்று கையால் போட்டால் டிஃப்ளெக்‌ஷன் 14.7 மி.மீ., சாஃப்ட்வேர் 2.9 காட்டுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

ரசமட்டம்:
இரும்பா, கான்கிரீட்டா? லோடு எவ்வளவு? சப்போர்ட் என்ன கொடுத்தீர்கள்?

கரணை:
யூனிட்டைப் பாருங்கள். மீட்டரும் மில்லிமீட்டரும் கலந்திருக்கும். எனக்கு வந்ததெல்லாம் அதுதான்.

தூக்குக்குண்டு:
யூனிட் தப்பென்றால் 10, 1000 என்று போகும். 14.7-ஐ 2.9-ஆல் வகுத்துப் பாருங்கள், 5 வரும். அந்த 5 எதைக் குறிக்கிறது என்று இரண்டாம் வருட மாணவனே சொல்வான். புத்தகத்தைத் திறந்துவிட்டுக் கேள்வி கேட்பது நல்லது.

கரணை:
சப்போர்ட்டே சொல்லாத கேள்விக்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது? பையன் அவசரத்தில் இருக்கிறான்.

புதுசெங்கல்:
மன்னிக்கவும். ஐஎஸ்எம்பி 300 (30 செ.மீ. உயர இரும்பு ஐ-பீம்), வளைவை எதிர்க்கும் ஐ மதிப்பு 8600 செ.மீ.⁴. சுயஎடையும் சேர்த்து மீட்டருக்கு 15 கிலோநியூட்டன். மேல்தள ரூஃப். இரண்டு முனையும் 9 அங்குலச் செங்கல் சுவருக்குள் போகிறது, அதனால் ஃபிக்ஸட் கொடுத்தேன்.

ரசமட்டம்:
அதுதான் விஷயம். சும்மா உட்கார்ந்திருக்கும் பீமுக்குச் சூத்திரத்தில் 5/384, இரு முனையும் இறுகியதற்கு 1/384. கையால் முதலாவதைப் போட்டீர்கள், சாஃப்ட்வேரிடம் இரண்டாவதைச் சொன்னீர்கள்.

ஃபிக்ஸட் என்றால் முனை துளிகூடத் திரும்பக் கூடாது. அதற்குச் சுவர் 15×6×6/12, அதாவது 45 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட் (திருப்புவிசை) தர வேண்டும். 23 செ.மீ. சுவருக்குள், உள்விளிம்பில் கீழிருந்து ஒரு அழுத்தம், வெளிவிளிம்பில் மேலிருந்து ஒரு அழுத்தம். இடைவெளி 15 செ.மீ.தான் கிடைக்கும். ஆளுக்கு 300 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 30 டன்! பீமின் வால் எழும்பாமல் அமுக்க மேலே கைப்பிடிச் சுவர் மட்டும்தானே இருக்கும்? ஃபிக்ஸடுக்குப் பதில் ‘பின்’ (pin: முனை திரும்பலாம், நகராது) கொடுங்கள்.

கரணை:
ஒரு முனை ரோலர் (முனையை நீளவாட்டில் நகர விடும் சப்போர்ட்) கட்டாயம். இல்லாவிட்டால் வெயிலில் பீம் நீள இடமில்லை.

தூக்குக்குண்டு:
30 டிகிரி ஏறினாலும் 6 மீட்டருக்கு 2 மி.மீ. சொச்சம்தான். செங்கல் சுவர் அதற்கு விட்டுக்கொடுக்கும். இந்த லோடுக்கு ரோலர் போட்டாலும் டிஃப்ளெக்‌ஷன் மாறாது.

கரணை:
விட்டுக்கொடுத்த சுவரை நான் பார்த்திருக்கிறேன். பீம் முனையிலிருந்து சாய்வாக விரிசல்.

தூக்குக்குண்டு:
அது பீமுக்கு அடியில் பெட் பிளாக் (எடையைச் சுவரில் பரப்பும் கான்கிரீட் கட்டை) வைக்காத குறை. வெயிலைச் சொல்லாதீர்கள்.

கரணை:
பெட் பிளாக் இருந்தது. நான்தான் நின்று போட்டேன்.

ரசமட்டம்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். தம்பி, டிஃப்ளெக்‌ஷனைவிட முக்கியம் நடுவில் பீமை வளைக்கும் மொமென்ட். ஃபிக்ஸடில் 22.5 காட்டியிருக்கும், உண்மையில் 67.5. அந்த 22.5-ஐ நம்பி பீமைச் சின்னதாக்கிவிடாதீர்கள். 14.7-க்குப் பயம் வேண்டாம். இரும்புக் கட்டுமான விதி ஐஎஸ் 800-இல் ஸ்பான்/300 (பீம் நீளத்தில் 300-இல் ஒரு பங்கு) என்றால் 20 மி.மீ., விரிசல் விடக்கூடிய ரூஃப் என்று ஸ்பான்/360 எடுத்தாலும் 16.7.

புதுசெங்கல்:
‘பின்’ என்று மாற்றினேன், 14.7 வந்துவிட்டது. நன்றி அண்ணா. டிராயிங்கில் பெட் பிளாக்கே இல்லை, சேர்க்கிறேன்.

கரணை:
என்ன கனம் போடுகிறீர்கள்? சுவர் என்ன கலவை?