சாவிக்கொத்தில் மாட்ட சின்ன மல்டி டூல் எது நல்லது? அவசரம்

பேட்டைக்காரன்:
வணக்கம். சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு மல்டி டூல் வேண்டும். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கியது ஒன்று இருந்தது, நேற்று மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவை முடுக்கும்போது திருப்புளி முனை முறுக்கிக்கொண்டு போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், சட்டென்று சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை வயர்மேன்:
என்ன வேலைக்கு அண்ணாச்சி? எவ்வளவு போடலாம்? இது ரெண்டும் தெரியாமல் என்னத்தைச் சொல்ல.

சாரல்:
விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். 58 மி.மீ. நீளம், 21 கிராம்தான். சின்னக் கத்தி, கத்திரி, நகம் ராவுகிற அரம், அதன் நுனியே திருப்புளி, பக்கத்தில் சாமணமும் பல்குத்தியும் செருகியிருக்கும். பல்குத்தியை நான் மூன்று தடவை தொலைத்துவிட்டேன், அது தனியாகவே கிடைக்கிறது. உண்மையில் தினமும் கை போவது கத்திரிக்குத்தான். பால் பாக்கெட், மாத்திரை அட்டை, சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்.

பழைய ஆள்:
இதே கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. குறடு இருந்தால்தான் அது மல்டி டூல், சாரல் சொல்வது பேனாக்கத்தி. 1975-இல் டிம் லெதர்மேன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றும்போது கையிலிருந்த கத்தியில் குறடு இல்லையே என்று தவித்துத்தான் இதையே யோசித்தார். விற்பனைக்கு வந்தது 1983-இல். அடிப்படை தெரியாமல் ஆலோசனை சொல்லக் கூடாது.

வண்ணார்பேட்டை வயர்மேன்:
சுவிஸ் சிப்பாய்க் கத்தியில் திருப்புளி அதற்கு 90 வருஷம் முன்னாலேயே இருந்ததே, அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று பழைய ஆளே சொல்லட்டும். விரல் அளவுக் குறடை வைத்து நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை, அழுத்திப் பிடித்தால் உள்ளங்கையில்தான் தடம் விழும். வேலைக்கு என்றால் பையில் தனியாக ஒரு கட்டிங் பிளேயர்.

பாவூர்சத்திரம் மெக்கானிக்:
எதை வாங்கினாலும் பைக் சாவியோடு மாட்டாதீர்கள். சாவி ஓட்டைக்குக் கீழே அந்தக் கனம் மேடு பள்ளத்தில் எல்லாம் ஆடிக்கொண்டே வரும், நாளாக ஆக லாக் தேய்ந்து, வண்டி ஓடும்போதே சாவியை உருவிக் கையில் எடுக்கலாம். அப்படி ஒரு வண்டி இன்றைக்கும் என் பட்டறையில் நிற்கிறது. டூலுக்குத் தனி வளையம் போட்டு, வண்டி எடுக்கும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாரல்:
கேட்கிற இடத்திலேயே கேட்டுவிடுகிறேன், என் கிளாசிக் மொட்டையாகிவிட்டது. சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா?

பழைய ஆள்:
கொடுக்கவே கூடாது. சக்கரச் சூட்டில் அலகு நீலம் பாய்ந்து பதம் போய்விடும்.

பனைமரத்தான்:
நீலம் பாய்வது அவசரப்பட்டு அழுத்துகிறவரிடம். தொட்டுத் தொட்டு எடுத்துத் தண்ணீரில் நனைத்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் தாத்தா பனையேறி, பாளை அரிவாளை மரக்கட்டையில் கல்பொடி போட்டுத்தான் தீட்டுவார், அதைக்கொண்டு பாளையைச் சீவினால் சீவல் காகிதம் மாதிரி விழும். சக்கரமே வேண்டாம்.

பழைய ஆள்:
அது கார்பன் இரும்பு, இது ஸ்டெயின்லெஸ். ரெண்டும் ஒன்றா?

பனைமரத்தான்:
தீட்டுகிற கை ஒன்றுதானே.

சாரல்:
சண்டை வேண்டாம், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடியில் சொரசொரப்பாக இருக்கும் வட்டத்தில் தேய்த்தேன். தக்காளி வெட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

பேட்டைக்காரன்:
மன்னிக்கணும், வேலையில் மாட்டிக்கொண்டேன். இரண்டாயிரம் வரை போடலாம். கண்ணாடி ஸ்க்ரூ, பார்சல் டேப், அவ்வளவுதான். மாதம் இரண்டு தடவை வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு ஃபிளைட்டில் போவேன், கைப்பை மட்டும்தான்.

வண்ணார்பேட்டை வயர்மேன்:
அட, அதையல்லவா முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்! கத்தி இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள், எவ்வளவு சின்னதானாலும். என்னுடையது ஒன்று சோதனைத் தட்டோடு போனதுதான், நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெறும் சாவியோடு ஏறினேன்.

பழைய ஆள்:
லெதர்மேன் ஸ்டைல் பிஎஸ். கத்தி கிடையாது, குறடும் கத்திரியும் உண்டு.

சாரல்:
அந்தக் கத்திரியைப் பார்த்து நிறுத்தினால்? கடைசிச் சொல் அங்கே நிற்கிற சிஐஎஸ்எஃப் காவலருடையது. இரண்டாயிரத்தைத் தட்டில் போட்டுப் பார்க்க வேண்டுமா?

பேட்டைக்காரன்:
கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஸ்க்ரூவையே மாற்றிக் கொடுத்து, வளையத்தில் மாட்டுகிற குட்டித் திருப்புளி ஒன்றும் தந்தார்கள், சுண்டுவிரல் பாதி கூட இல்லை. இப்போதைக்கு இது போதும். டேப்பைச் சாவியால் கிழித்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

பாவூர்சத்திரம் மெக்கானிக்:
பைக் சாவியால் கிழிக்காதீர்கள்.

சாரல்:
பனைமரத்தான், அந்தக் கல்பொடி இப்போது எங்கே கிடைக்கும்?