சாமான் கூடக் கூட மனசு சுருங்குமா?

பொகவந்தலாவைப் பிள்ளை:
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பகுதிச் சனத்துக்குத் தனிவீடு கிடைத்தது. ஆளுக்கு 7 பேர்ச் காணி, இரண்டு அறை, குசினி, கக்கூஸ். தலைமுறை தலைமுறையாக லயத்து வரிசை அறைகளில் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் குடிவந்த கையோடு வீட்டுக்கு வீடு பிரிட்ஜ், பெரிய டீவி, சோபா செட், அப்புறம் இரும்பு கேட், அதற்கொரு பூட்டு. போன மாசம் பக்கத்து வீட்டுப் பாட்டி காய்ச்சலில் சுருண்டு கிடந்திருக்கிறார். சுற்றி அத்தனை வீடு இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா கீரை கொடுக்கப் போன இடத்தில்தான் பார்த்தார். அடுப்புச் சாம்பல் ஆறிப்போய்க் கிடந்ததாம்.

லயத்தில் இப்படி நடந்திருக்காது. நடுச்சுவர் கூரைக்கு எட்டாது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் நம் வீட்டில் கொத்தமல்லி கொதிக்கும். விடிகாலையில் எந்த வீட்டில் ரொட்டி சுடும் வாசம் வரவில்லை என்பது வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதே ஆட்கள்தானே இங்கேயும் இருக்கிறோம்? பொருள் சேர்ந்தால் இரக்கம் குறைந்துவிடுமா?

ஹட்டன் அண்ணன்:
தங்கச்சி, லயத்தைக் கோயிலாக்க வேண்டாம். இருமல் கேட்ட அதே சுவர் வழியாகத்தான் பொண்டாட்டியை அடிக்கிற சத்தமும் கேட்டது. எத்தனை பேர் எழும்பிப் போனோம்? தண்ணீர் பிடிக்கிற பீலியில் குடத்துக்குக் குடம் சண்டை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களோடு ஆட்களையும் மூடியதை மறக்க முடியுமா? பத்திரமான தனிவீடு நம் உரிமை. அதில் பிரிட்ஜ் வைக்கிறவரைக் குறை சொல்லாதீர்கள்.

பதுளை வாசகி:
இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் பிஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், விலை கூடிய கார் ஓட்டியவர்கள்தான் வீதி கடக்கிறவருக்கு வழிவிடாமல் அதிகம் போனார்கள். ஆனால் நெதர்லாந்தில் நடந்த இன்னொரு சோதனையில், உள்ளே காசு இருப்பது தெரிகிற கடித உறைகளை விலாசம் மாறி வந்ததுபோல வீடுகளில் போட்டார்கள். பணக்கார வீடுகள்தான் அதிகம் திருப்பி அனுப்பின. அதை வைத்து ஏழைகள் சுயநலக்காரர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. காசு முடை தருகிற நெருக்கடியைத்தான் காட்டினார்கள்.

கொழுந்துக்காரி மகள்:
அந்த நெருக்கடியை நான் பார்க்கிறேன். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, சரி. மாசம் முழுக்கவா வேலை கிடைக்கிறது? பிரிட்ஜும் சோபாவும் தவணைக் கடன். பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டு நுண்கடன் எடுக்கிறோம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரே மலையில் சிரித்துப் பேசிக் கொழுந்து எடுத்தவர்கள், கடன்காரன் வரும் நாளில் ஒருத்தி வாசலில் மற்றவள் போய் நிற்கிறாள். "பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த கிழமை தாறேன்" என்று அவள் சொன்னால் இவளுக்கு இரக்கம் வருமா, பயம் வருமா? சாமான் யாருடைய மனசையும் கெடுக்கவில்லை. அதற்கு வாங்கிய கடன் கெடுக்கிறது.

பொகவந்தலாவைப் பிள்ளை:
அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே எங்கள் வரிசைக்குப் பொருந்துகிறது. கேட் பூட்டியிருப்பதில் பாதி, தவணைக்காரனுக்குப் பயந்துதான். ஹட்டன் அண்ணன் சொன்னதும் சரி, எனக்கும் திரும்ப லயத்துக்குப் போக ஆசையில்லை. ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: லயத்தில் அடுத்தவர் கஷ்டம் தானாகக் காதில் விழுந்தது, இங்கே தேடிப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. கடன் இல்லாத வீட்டாரும் கேட்கப் போவதில்லையே.

மதில் கட்ட எங்கள் வீட்டில் கல் இறக்கியிருக்கிறார்கள். பாட்டி வீட்டுப் பக்கம் கட்ட விடமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இன்னொன்று: எங்கள் மரணச் சங்கத்தில் மாசச் சந்தா சேர்கிறது, செத்தால் மட்டும்தான் கொடுக்கிறோம். தனியாக இருக்கிற வயசாளிகள் நோயில் விழுந்தாலும் அதிலிருந்து கொடுக்கிற தோட்டம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறேன்.