பாசி பிடித்த வெளிச்சுவர்: பிரஷர் வொஷரா, தும்புத்தடியா?

ஏழுபேர்ச் வீட்டுக்காரன் (தலவாக்கலை):

அனைவருக்கும் வணக்கம். தைப்பொங்கலுக்கு முன்னர் வீட்டின் வெளிச்சுவரைக் கழுவிப் பெயின்ட் அடிக்க எண்ணியிருக்கிறேன். ஏழு பேர்ச் காணியில் கட்டிய 550 சதுர அடி வீடு. சீமெந்துக் கல் சுவருக்குச் சாந்து பூசி, அதன்மேல் வெளிச்சுவர்ப் பெயின்ட் அடித்து ஆறு வருடங்கள் ஆகின்றன. மலைச்சரிவைப் பார்த்திருக்கும் பின்சுவர் முழுவதும் பச்சைப் பாசி. நடுவே துரு வடிந்ததுபோல் செம்மஞ்சள் நிறப் படலம். முன்சுவரின் அடியில் இரண்டு அடி உயரத்துக்கு மழையில் தெறித்த செம்மண் கறை இருக்கிறது. பின்புறக் குசினியை நாங்களே பலகையடித்து, மேலே அஸ்பெஸ்டஸ் சீற் போட்டுக் கட்டினோம்.

கொழும்பில் வேலைசெய்யும் மைத்துனர், வாகனம் கழுவ வாங்கிய 130 பார் பிரஷர் வொஷரை (தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷின்) இரவல் தந்திருக்கிறார். நான் இதுவரை அதைப் பாவித்ததில்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் ஒரு மணித்தியாலத்துக்குள் வீடு புதிதாகிவிடுகிறது. என் வீட்டுக்கும் இது பொருந்துமா? பொருந்துமானால் எங்கிருந்து தொடங்குவது?

கொட்டகலைப் பெயின்டர்:

தம்பி, அந்த மெஷினை மைத்துனரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருபது வருடங்களுக்கு மேலாகச் சுவரோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நீங்கள் பார்த்த காணொளிகளில் அவர்கள் கழுவுவது, அமெரிக்கப் பக்கத்து வீடுகளில் சுவருக்கு வெளியே வரிசை வரிசையாகப் போர்த்தியிருக்கும் வினைல் பலகைகளை. அது தண்ணீர் குடிக்காத பிளாஸ்டிக். அதிலேயே கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் பலகைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும் என்று அங்குள்ளவர்களே எச்சரிக்கிறார்கள். நம்முடையது மணலும் சீமெந்தும் கலந்த சாந்து. அது தண்ணீரைக் குடிக்கும். குடித்ததை வெளியே விடுவதற்கு வெயில் வேண்டும். அந்த வெயிலை நம் பக்கத்தில் மூடுபனியிடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

போன வருடம் ஒரு வீட்டுக்காரர் சுவரைத் தாமே கழுவிவிட்டு, பெயின்ட் மட்டும் அடித்தால் போதும் என்று என்னை அழைத்தார். போய்ப் பார்த்தால் சுவரெங்கும் கோழி கிளறியதுபோலக் கோடுகள். பெயின்ட் உரிந்த இடங்களில் சாந்தின் மேல்தோலும் போய், விரலால் தேய்த்தாலே மணல் உதிர்ந்தது. யன்னல் சட்டத்தின் ஓரத்தால் புகுந்த தண்ணீர், உள்ளே படுக்கையறைச் சுவரில் வரைபடம் போட்டிருந்தது. பூசிச் சரிசெய்து, காயவிட்டு, அடிப்பூச்சு அடிப்பதற்குள் மூன்று வாரங்கள் ஓடிவிட்டன.

ஒரு வாளி, ஒரு தும்புத்தடி, இரண்டு போத்தல் ப்ளீச், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்: உங்கள் வேலைக்கு இவ்வளவுதான் வேண்டும். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) பழைய சுவராக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே கல்லையும் மண்சாந்தையும் மூடிக்கொண்டிருப்பது சுண்ணாம்பு ஒன்றுதான். அதையும் அடித்துக் கழுவிவிட்டால் என்ன மிஞ்சும்?

பண்டாரவளை மின்வினைஞர்:

அண்ணன் கண்ட சேதம் உண்மைதான். ஆனால் கோழி கிளறியது போன்ற கோடு என்று அவரே எழுதியிருக்கிறார். கூர்மையான நொசிலை (தண்ணீர் பீய்ச்சும் முனையை) சுவருக்கு ஒரு சாண் அருகே கொண்டுபோனால் விழும் கோடு அது. பிழை, அதைப் பிடித்த கையினுடையது.

130 பார் என்பது, டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் பி.எஸ்.ஐ. அழுத்த அளவில் ஏறத்தாழ 1,885. கார் டயரில் இருப்பது 30 அளவில்தான் என்பதை நினைத்துக்கொண்டால் கையில் இருப்பது என்னவென்று புரியும். மெஷினில் எழுதியிருப்பது உச்ச அளவு, வேலை செய்யும் அழுத்தம் அதைவிடக் குறைவு என்றாலும் மரியாதை குறையக் கூடாது. அந்த வேகம் முழுவதும் நொசிலின் வாயில்தான் இருக்கிறது. 25 பாகை விரியும் பச்சை நொசிலைப் பூட்டி 30 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்றால் தண்ணீர் சுமார் 13 சென்ரிமீற்றர் அகலத்துக்கு விரிகிறது. 60 சென்ரிமீற்றருக்குப் பின்வாங்கினால் அகலம் 26ஐத் தாண்டுகிறது, ஒவ்வோர் அங்குலச் சுவரும் வாங்கும் அடி பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஆகவே முதன்முதலாகப் பிடிப்பவர் 40 பாகை வெள்ளை நொசிலோடு, நான்கு அடி தூரத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் தொடங்க வேண்டும். சிவப்பு நொசில் தண்ணீரை ஒரே புள்ளியில் குத்தும்; சுழன்று அடிக்கும் டர்போ நொசிலும் அதன் தம்பிதான். இரண்டையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். மெஷினில் முறுக்கிச் சரிசெய்யும் ஒற்றைக் குழாய் இருந்தால், அதை ஆக அகலமான நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை மின்சாரம்தான். 1,600 வாட்ஸ் மோட்டர் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பலர் இதைப் பழைய 5 ஆம்பியர் வட்டமுனைப் பிளக்கில் செருகி, சேலை காயப்போடும் கயிறு போன்ற ஒரு வயரை முற்றத்து ஈரத்தில் இழுத்துவிடுகிறார்கள். 13 ஆம்பியர் பிளக்கில், தடித்த வயரில், 30 மில்லியாம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கிப் பார்த்த பின்னரே தொடங்குங்கள். நம் வீடுகளில் மீட்டர்ப் பெட்டி வெளிச்சுவரில்தான் இருக்கிறது. கம்பத்திலிருந்து வரும் வயரும் கூரை விளிம்பில்தான் இறங்குகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு மீற்றர் அகலத்தைக் கழுவாமல் விட்டு, பின்னர் துணியால் துடைத்துக்கொள்ளலாம். ஏணியில் ஏறி அடிக்காதீர்கள். விசையை அமுக்கியவுடன் மெஷினின் பீச்சுத் துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும், சரிவு நிலத்தில் ஈர ஏணி அதைத் தாங்காது.

குசினிக் கூரையையும் அகல நொசிலால் தூரத்தில் நின்று ஒருமுறை கழுவிவிடலாம். என் வீட்டுக் கூரையை நான் அப்படித்தான் கழுவினேன்.

அப்புத்தளை டீச்சர்:

கடைசி இரண்டு வரிகளை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றிலுள்ள கல்நார் இழைகள் சீமெந்தோடு இறுகியிருக்கும்வரை ஆபத்துக் குறைவு. வருடக்கணக்கில் மழை குடித்த சீற்றின் மேற்பரப்பு தளர்ந்திருக்கும், அழுத்தத் தண்ணீர் அந்தச் சீமெந்தை அரித்து இழைகளை விடுவிக்கும். அவை தண்ணீரோடு சுவரிலும் கூரைப் பீலியிலும் முற்றத்திலும் படிந்து, காய்ந்ததும் காற்றில் எழும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நோய் இருபது, முப்பது வருடங்கள் கழித்தே வெளிப்படலாம் என்பதால், ‘நான் கழுவினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பது இங்கே சான்றாகாது. தூரத்தில் நின்றாலும் அகல நொசில் பாவித்தாலும் கழுவக் கூடாது, பிரஷால் தேய்க்கவும் கூடாது.

சுவரைப் பற்றிச் சொல்வதானால், நீங்கள் இருவரும் அடியின் பலத்தைப் பற்றியே வாதாடுகிறீர்கள். பின்சுவரில் இருப்பது அழுக்கன்று, உயிர். பச்சைப் படலம் பாசி. துரு என்று தம்பி நினைக்கும் செம்மஞ்சள் படலமும் பெரும்பாலும் ட்ரென்டிபோலியா என்னும் பாசிதான், கரோட்டின் நிறமி அதன் பச்சையை மறைத்துவிடுகிறது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். துரு சாந்துக்குள் ஊறி நிற்கும், பாசி வெல்வெட்டுத் துணியின் பஞ்சுபோல நகத்தில் ஒட்டிவரும். தண்ணீரால் எவ்வளவு பலமாக அடித்தாலும் சாந்தின் நுண்துளையில் தங்கியது தங்கியபடியே இருக்கும். அண்ணனின் தும்புத்தடிக்கும் இது பொருந்தும்.

முதலில் கொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சுமார் 5 வீத ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் சிறிது சேர்த்து, கீழிருந்து மேலாகப் பூசிப் பத்து, பதினைந்து நிமிடங்கள் காயவிடாமல் வைத்திருங்கள். மேலிருந்து பூசினால் வடியும் கோடுகள் காய்ந்து நிற்கும். ப்ளீச்சை மெஷினுக்குள் ஊற்றக் கூடாது, பம்பின் வாஷர்கள் கெட்டுவிடும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரையும் எடுக்காதீர்கள். மிக முக்கியமாக, கழிவறை கழுவும் அமிலத்தை ‘கொஞ்சம் சேர்த்தால் இன்னும் பளிச்சென்று வரும்’ என்று கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். பூசுவதற்கு முன்னும் பின்னும் லீக்ஸ், போஞ்சிப் பாத்திகளுக்குத் தண்ணீர் தெளியுங்கள். வடியும் தண்ணீர் கீழ்லயத்துக்காரர் குடிநீர் பிடிக்கும் பீலிக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகிறதென்றால் வாய்க்காலைத் திருப்பாமல் தொடங்காதீர்கள்.

பண்டாரவளை மின்வினைஞர்:

கூரை பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், டீச்சர். பாசி படிந்த பழைய சீற்றில் கால் வைத்து உள்ளே விழுந்தவர்களின் வீடுகளுக்கு வயர் வேலைக்குப் போயிருக்கிறேன். ஆகவே ஏறக் கூடாது என்று தெரிந்திருந்தது, கழுவக் கூடாது என்பதைத்தான் அலட்சியம் செய்தேன். ப்ளீச்சை முதலில் பூசினால் மெஷினுக்குப் பலமே தேவைப்படாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மெஷினுக்கு எதிரான வாதமன்று.

கொட்டகலைப் பெயின்டர்:

எதிரான வாதம் இதோ. நிமிடத்துக்கு 7 லீற்றர் என்று வைத்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு 420 லீற்றர். தை பிறந்தால் நம் பக்கத்தில் ஊற்று மெலிந்துவிடும். பொதுத் தாங்கிக்கு முன்னால் குடங்கள் வரிசையில் நிற்கும்போது தம்பி சுவருக்குத் தண்ணீர் அடித்தால், பாசியைவிட அயலவர் பேச்சுத்தான் ஒட்டிக்கொள்ளும். ஊற்றுத் தண்ணீரில் மணலும் இலைத்தூளும் வரும். வடிகட்டி அடைத்துத் தண்ணீர் ஏறாமல் பம்ப் ஓடினால், இரவல் மெஷினுக்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

பண்டாரவளை மின்வினைஞர்:

திறந்துவிட்ட சாதாரண ஹோஸ் அதைவிடக் கூடுதலாகக் கொட்டும், அண்ணன்.

கொட்டகலைப் பெயின்டர்:

நான் ஹோஸைச் சொல்லவே இல்லையே. வாளியைச் சொன்னேன்.

இராகலை அக்கா:

கூரை விளிம்பின் அடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்று யாருமே கேட்கவில்லை. கொழுந்து எடுக்கும் எங்களுக்கு அந்த நினைப்பு எப்போதும் உண்டு. தண்ணீர் பட்டுக் கலைந்தால் ஓட வழியில்லாமல் ஈரச் சரிவில் நிற்கப்போவது தம்பிதான். இன்னொன்று, பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டுங்கள்.

பண்டாரவளை மின்வினைஞர்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். கம்பூட்ஸ், நீளக் காற்சட்டை, கண்ணாடி அவசியம். தண்ணீர் தோலைத் துளைத்துவிட்டால் வெளியே ஊசி குத்திய அளவுக்கே காயம் தெரியும், வலியும் பெரிதாக இராது, உள்ளே சதை சேதமாகியிருக்கும். கட்டுப்போட்டுக்கொண்டு படுக்காமல், பிரஷர் மெஷின் தண்ணீர் பட்டது என்று சொல்லி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முடிக்கும்போது மெஷினை நிறுத்தி, குழாயை மூடி, விசையை ஒருமுறை அமுக்கி உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே நொசிலைக் கழற்றுங்கள். பழைய பங்களா, குவாட்டர்ஸ்களில் இருப்பவர்கள் இதை வாசித்தால் ஒரு வார்த்தை: பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்தைய பெயின்டைச் செதில் செதிலாக முற்றத்தில் பறக்கவிடாதீர்கள்.

ஏழுபேர்ச் வீட்டுக்காரன் (தலவாக்கலை):

இரண்டு வாரங்களுக்குப் பின்னர் எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அக்கா எச்சரித்தபடியே பின்பக்கக் கூரை விளிம்பில் கைப்பிடி அளவில் ஒரு கூடு இருந்தது. ஆளை வைத்து இரவில் அதை அகற்றிய பின்னர்தான் மற்ற எல்லாம். செம்மஞ்சள் படலம் டீச்சர் சொன்னபடியே நகத்தில் பஞ்சாக வந்தது.

பின்சுவருக்கு ப்ளீச் கரைசல் பூசினேன். பத்து நிமிடங்களில் பச்சை, வெந்த கீரையின் நிறத்துக்கு மாறி, பின்னர் வெளிறியது. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாலிருந்த மூலையில் வெள்ளை நொசிலைச் சோதித்தேன். நான்கு அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு அடியில் பாசி வழிந்தது, பெயின்ட் நின்றது. ஆசை விடாமல் ஓர் அடிக்குப் போனபோது, முடி அளவு வெடிப்பு ஒன்றின் ஓரத்திலிருந்து ஐந்து ரூபாய் நாணயமளவு பெயின்ட் எழும்பிவிட்டது. அத்தோடு இரண்டு அடி என்று கோடு போட்டுக்கொண்டேன். பின்சுவருக்கு நாற்பது நிமிடங்கள் சென்றன. தண்ணீரை முந்தின இரவே இரண்டு பீப்பாய்களில் பிடித்து, துணியால் வடிகட்டி வைத்திருந்தேன். குசினிப் பலகையையும் யன்னல் ஓரங்களையும் மீட்டர்ப் பக்கத்தையும் தும்புத்தடியாலும் துணியாலும் செய்தேன். கூரையைத் தொடவில்லை. செம்மண் கறை மெஷினுக்கு முழுவதும் போகவில்லை. தேய்த்துத்தான் போயிற்று, அந்த அளவில் கொட்டகலை அண்ணனுக்கே வெற்றி.

சுவர் காய்ந்துவிட்டதாகத் தெரிகிறது. நாளை பெயின்ட் அடிக்கலாமா?

கொட்டகலைப் பெயின்டர்:

தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு முழச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு இரவு விடுங்கள். சுவருக்குள் ஈரம் மிஞ்சியிருந்தால் அதன் உள்பக்கத்தில் நீர் கோக்கும். நாணயமளவு பெயின்ட் எழும்பிய அந்த இடத்தின் ஓரங்களையும் சுரண்டிவிடுங்கள். பழைய பெயின்ட் எங்கே உறுதியாக நிற்கிறது என்று அதுவே காட்டும்.

ஏழுபேர்ச் வீட்டுக்காரன் (தலவாக்கலை):

காலையில் பார்த்தேன், அண்ணன். பின்சுவரில் ஒட்டிய பொலித்தீனின் உள்பக்கம் முழுவதும் நீர்த்துளிகள். முன்சுவரில் ஒட்டியது காய்ந்திருந்தது. பொங்கலுக்கு முன்சுவர் மட்டும் பெயின்ட் காணும். பின்சுவருக்கு மாசியில் உங்களைத்தான் கூப்பிடுவேன்.