சாகோரியேக் குன்றுகளில் காக்க வேண்டியது வீட்டையா, குடியையா?

ஓடைக்கரை எழுதியது:

குரோஷியாவின் தலைநகரான சாகிரேப்புக்கு வடக்கே, மெத்வெத்னிட்சா மலையைத் தாண்டியதும் தொடங்கி ஸ்லோவேனிய எல்லைவரை நீளும் குன்று நாட்டுக்குச் சாகோரியே என்று பெயர். 'மலைக்கு அப்பால்' என்பதே அச்சொல்லின் பொருள். சில ஆண்டுகளாகச் சாகிரேப்பில் வேலை பார்க்கும் நான், விடுமுறை நாள்களில் பெரும்பாலும் அங்கேதான் திரிகிறேன். இந்தக் குழுவில் சாகோரியேயைப் பற்றி யார் கேட்டாலும், "கும்ரோவெட்ஸ் போய்ப் பாருங்கள், அசல் சாகோரியே அங்கேதான் இருக்கிறது" என்ற ஒரே விடைதான் வருகிறது. அந்த விடையை நான் மறுக்கிறேன்.

கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் அங்கே போயிருந்தேன். ஸ்லோவேனிய எல்லையாக ஓடும் சுத்லா ஆற்றின் ஓரத்தில் ஏறத்தாழ நாற்பது பழைய வீடுகளையும் களஞ்சியங்களையும் செப்பனிட்டு 'பழைய ஊர்' என்ற பெயரில் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் திருமணக் கோலம், இன்னொன்றில் கொல்லன் பட்டறை, மற்றொன்றில் சணல் நூற்று நெய்யும் தறி என ஒவ்வொன்றும் பிழையின்றி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு புகைபோக்கியிலிருந்தும் புகை வரவில்லை. எந்த முற்றத்திலும் கோழி கிளறவில்லை. மண்ணால் செய்த மாப்பிள்ளையும் மணப்பெண்ணும் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் நின்றபோது, ஊரைப் பார்க்க வந்தவனுக்கு ஊரின் நிழற்படத்தைக் காட்டி அனுப்புகிறார்களோ என்று தோன்றியது.

அன்றே தெசினிச் பக்கமாகத் திரும்பி வரும்போது, திராட்சைத் தோட்டத்தின் நடுவே இருந்த ஒரு 'கிளெத்'தில் ஒதுங்கினேன். கீழே பீப்பாயும் பிழிபொறியும் வைக்கும் நிலவறை, மேலே ஒற்றை அறை. குன்று தோறும் இப்படிச் சிறு கட்டடங்கள் உண்டு. மேலறையில் ஒரு பாட்டி மேசை முழுவதும் துணி விரித்து, மாவை அடியில் துணியின் கோடுகள் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இழுத்து, பாலாடைக்கட்டியைத் தூவிச் சுருட்டி, கத்தியைத் தொடாமல் தட்டின் விளிம்பால் அழுத்தித் துண்டு போட்டார். விளிம்பால் அழுத்தினால் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும், வேகும்போது பூரணம் வெளியே வராது. 'ஷ்த்ருக்லி' என்னும் அந்தப் பண்டத்தைச் செய்யும் கைகள் வாழும் குன்றுகளுக்கு உதவி போகாமல், ஆளில்லா வீடுகளுக்குச் சுண்ணாம்படிக்கப் பணம் போவது முறையா என்பதே என் கேள்வி.

சுவடிக்கட்டு எழுதியது:

ஓடைக்கரை அவர்களின் எழுத்து நயம் அவருடைய வாதத்தைவிட வலுவாக இருக்கிறது. முதலில் ஒரு திருத்தம். கும்ரோவெட்ஸ் வீடுகள் வேறெங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கப்பட்டவை அல்ல; பெரும்பாலானவை கட்டப்பட்ட இடத்திலேயே நிற்கின்றன. பல நாடுகளில் திறந்தவெளி அருங்காட்சியகம் என்றால் பத்து மாவட்டத்து வீடுகளை ஒரு பூங்காவில் நட்டுவைத்திருப்பார்கள். இங்கே தெருவின் வளைவும், வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையிலான தூரமும், ஆற்றுக்கு இறங்கும் தடமும் பழையபடியே இருக்கின்றன. அதைச் சுற்றி மக்கள் வாழும் கும்ரோவெட்ஸும் இருக்கிறது. நிழற்படம் என்ற சொல் பொருந்தாது.

அடுத்து, சாகோரியேயில் எது தானாகவே நின்றது, எது விழுந்தது என்று பாருங்கள். வெலிக்கி தாபோர் கோட்டை நிற்கிறது. திராஷ்கோவிச் பிரபுக்களின் திரக்கோஷ்ச்சான் கோட்டை, 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஏரியோடு நிற்கிறது. லெபோகிளாவாவில் பவுலின் துறவிகளின் மடம் 1854 முதல் சிறைச்சாலையாக மாறிய பிறகும் நின்றது. பெலெட்ஸ் சிற்றூரின் தேவாலயத்தில் அதே துறவியர் சபையைச் சேர்ந்த இவான் ரங்கர் தீட்டிய ஓவியங்களை இன்றும் காணலாம். கல்லில் கட்டியவை எல்லாம் ஆட்சி செய்தவர்களுடையவை. உழுதவன் மரத்திலும் களிமண்ணிலும் கட்டினான். அவன் வீடு இரண்டு தலைமுறை கவனிப்பாரற்றுக் கிடந்தால் மண்ணாகிவிடும்.

1573ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று ஸ்துபிட்சா சமவெளியில் பிரான்யோ தாகி போன்ற பிரபுக்களின் கொடுமைக்கு எதிராக நின்று தோற்ற குடியானவர்களில் ஒருவருடைய வீடுகூட இன்று இல்லை. தலைவர் மதியா கூபெட்ஸை ஆறு நாள்களில் சாகிரேப்பில் கொன்றார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு முடியைத் தலையில் வைத்தார்கள் என்ற கதை வழங்குகிறது. அந்தக் கலகத்துக்கான அருங்காட்சியகம் 1973இல் கோர்ஞா ஸ்துபிட்சாவில் எங்கே திறக்கப்பட்டது தெரியுமா? ஒர்ஷிச் பிரபுக் குடும்பத்தின் மாளிகையில். குடியானவனின் போராட்டத்தைக்கூடப் பிரபுவின் கூரைக்கு அடியில்தான் காட்ட முடிகிறது என்றால், குடியானவனின் கூரையையே காத்து நிற்கும் கும்ரோவெட்ஸின் அருமை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

கல்லுக்கும் மரத்துக்கும் இடையே தாங்கள் காட்டிய வேறுபாட்டை நான் யோசித்திருக்கவில்லை, ஏற்கிறேன். ஆனால் குடியானவனின் வீடு என்பதற்காகவா அந்த வீடுகள் காக்கப்பட்டன? பின்னாளில் யூகோஸ்லாவியாவின் தலைவரான யோசிப் புரோஸ் திட்டோ 1892இல் அங்கே பிறந்ததால் காக்கப்பட்டன. அவர் பிறந்த வீடு 1953இல் நினைவு அருங்காட்சியகமானது. அதற்கு முன்னமே, 1948இல், கிளாஞெட்ஸில் பிறந்த சிற்பி அந்துன் அவுகுஸ்தின்சிச் வடித்த திட்டோ சிலை முற்றத்தில் நின்றுவிட்டது. 1970களின் பிற்பகுதியில்தான் மற்ற வீடுகளின் செப்பனிடும் பணி தொடங்கியது. நாட்டுத் தலைவர் அக்கரையில் பிறந்திருந்தால் இந்த நாற்பது கட்டடங்களும் எப்போதோ விறகாகியிருக்கும். தங்கள் அளவுகோலின்படியே பார்த்தாலும், இதுவும் ஆட்சி செய்த ஒருவரின் வீடுதான். மரத்தால் ஆனது என்பதே வேறுபாடு.

அந்தத் தலைவரும் 1907இல் பதின்ம வயதில் ஊரைவிட்டு சிசாக் நகருக்குப் போய்ப் பட்டறையில் தொழில் பழகினார். கூட்டுக்குடும்ப நிலங்கள் பிரிந்து பிரிந்து வயல்கள் நாடாத் துண்டுகளாகிவிட்ட ஊரில் இளைஞன் வேறென்ன செய்வான்? பழைய ஊரில் திருமணமும் தறியும் காட்டுகிறார்கள். ஊர்க்காரன் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் காட்சியை ஒரு வீட்டிலாவது காட்டியிருக்கலாம்.

சுவடிக்கட்டு எழுதியது:

வீட்டைக் காத்த காரணம் தூய்மையாக இல்லாததால் காத்த வீடு பொய்யாகிவிடாது. 2004 டிசம்பரில் யாரோ வெடி வைத்து அந்தச் சிலையின் தலையைத் துண்டித்தபோதும், பின்பு அது ஒட்டவைக்கப்பட்டபோதும், பின்னாலிருந்த வீடுகள் தம் பாட்டுக்கு நின்றன. அரசியல் வந்து போகும். கூரையின் சாய்வும் கதவின் தாழ்ப்பாளும் தச்சனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நெடுஞ்சாலை எழுதியது:

இருவரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஊர்த் திட்டமிடலில் பணியாற்றுபவன். எனக்கு முதலில் கண்ணில் படுவது கணக்குதான். சாகோரியேயின் பெரும்பகுதி அடங்கிய கிராப்பினா-சாகோரியே மாவட்டத்தில் 2011இல் 1,32,892 பேர் இருந்தார்கள். 2021இல் 1,20,702 பேர். பத்தே ஆண்டில் பன்னிரண்டாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள். இந்த மக்கள்தொகைக்குக் கிராப்பினா, சாபோக், ஒரொஸ்லாவியே, தோஞா ஸ்துபிட்சா, பிரெகிராதா, கிளாஞெட்ஸ், சிலாத்தார் என 7 நகரங்களும் 25 ஊராட்சிகளும் உள்ளன. முப்பத்திரண்டு தலைவர்கள், முப்பத்திரண்டு அலுவலகங்கள். இவற்றில் மிகச் சிறியவற்றின் மக்களை ஒரு பெரிய திருமண மண்டபத்தில் உட்காரவைத்துவிடலாம். ஓடைக்கரை கேட்கும் உதவியும் சுவடிக்கட்டு கேட்கும் உதவியும் இந்த அலுவலகங்களின் வழியாகத்தான் போக வேண்டும். எதற்கும் போதாமல் பிரிந்து போகும்.

ஊர்கள் காலியாவதைத் தடுப்பது அருங்காட்சியகமும் அல்ல, மானியமும் அல்ல, சாலை. சாகிரேப்பிலிருந்து ஸ்லோவேனியாவை ஒட்டிய மட்செல் எல்லைவரையிலான ஏ2 நெடுஞ்சாலை 2007இல் முழுமையானது. அதனால் கிராப்பினாவில் குடியிருந்துகொண்டு சாகிரேப்பில் வேலை பார்ப்பது எளிதாகியிருக்கிறது. சாபோக் இருப்புப்பாதைச் சந்திப்பு என்பதால் இன்றும் உயிரோடு இருக்கிறது. சிற்றூர்களை இணைத்து, பள்ளிப் பேருந்தையும் மருத்துவரையும் ஒழுங்காக அனுப்பினால், இளையோர் குன்றிலேயே தங்குவார்கள்.

ஓடைக்கரை எழுதியது:

சாலை இருபுறமும் ஓடும், நண்பரே. அதே சாலையில் வெள்ளிக்கிழமை மாலை சாகிரேப்புக்காரர்கள் வருகிறார்கள். கிளெத்தை வாங்கி, நிலவறையில் வெந்நீர்த் தொட்டியும் முற்றத்தில் நீச்சல் குளமும் அமைத்து, வாடகைக்கு விடுகிறார்கள். வார நாளில் அந்த வீடுகளிலும் புகை இல்லை. கும்ரோவெட்ஸைப் பற்றி நான் சொன்ன குறை இப்போது குன்றெங்கும் பரவிக்கொண்டிருக்கிறது.

ஊராட்சிகளை இணைப்பதிலும் எனக்கு அச்சமே. அலுவலகம் மூடிய ஊரில் அடுத்து அஞ்சலகம் மூடும், அதற்கடுத்துக் கடை. கோப்புக் கணக்கில் மிச்சப்படும் தொகை, கையெழுத்துக்காகப் பக்கத்து ஊருக்கு அலையும் முதியவரின் பேருந்துச் செலவில் சேர்ந்துவிடும்.

சொல்லேர் எழுதியது:

இவ்வளவு நேரமாகியும் ஒருவரும் மொழியைத் தொடவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. 'என்ன' என்று கேட்க குரோஷியாவில் மூன்று சொற்கள் உண்டு: 'கய்', 'ச்சா', 'ஷ்தோ'. கய் என்று கேட்பவர்களின் பேச்சுக்குக் கய்காவியன் என்று பெயர். சாகோரியே அதன் நடுவீடு. நாட்டின் பொது எழுத்துமொழியோ ஷ்தோ பேச்சின்மேல் எழுந்தது. அந்த மாற்றத்துக்கு முன்நின்றவர் லியுதெவித் கய், 1809இல் சாகோரியேயின் கிராப்பினாவிலேயே பிறந்தவர். 1830இல் எழுத்துமுறைச் சீர்திருத்த நூலை வெளியிட்டார். 1835இல் இதழ் தொடங்கியபோது அது கய்காவியனில் வந்தது. மறு ஆண்டே ஷ்தோவுக்கு மாறிவிட்டது. தென்சிலாவியர் அனைவரையும் ஒரு எழுத்தின்கீழ்த் திரட்ட வேண்டும் என்ற கனவுக்காகத் தாய்வீட்டுப் பேச்சை விட்டுக்கொடுத்தார். அதே 1835இல் அந்த இதழில்தான், பிற்காலத்தில் நாட்டுப்பண்ணான அந்துன் மிகானோவிச்சின் கவிதையும் வெளிவந்தது. கிளாஞெட்ஸுக்கு அருகே செலென்யாக் பள்ளத்தாக்கில் அதற்கு நினைவுத்தூண் வைத்திருக்கிறார்கள். நாட்டுக்குப் பாட்டும் எழுத்தும் இந்தக் குன்றுகளோடு உறவுடையவை. குன்றின் பேச்சு மட்டும் வகுப்பறைக்கு வெளியே நிற்கிறது.

கிராப்பினாவில் 1966 முதல் கய்காவியன் பாட்டு விழா நடக்கிறது என்று பெருமைப்படுகிறார்கள். விழா மேடைக்கு வந்துவிட்ட மொழி வீட்டை விட்டுப் பாதி வெளியேறிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. எனவே என் கருத்தில் காக்க வேண்டியது வீட்டையும் அல்ல, சாலையையும் அல்ல.

சுவடிக்கட்டு எழுதியது:

சொல்லேர் அவர்கள் மொழியைத் தனியே எடுத்து நிறுத்துவதோடு என்னால் உடன்பட முடியவில்லை. அங்கே வீட்டை 'ஹிஷா' என்பார்கள், பொதுமொழியில் 'கூச்சா'. வீட்டின் முன்னால் கைப்பிடிக் கம்பு வைத்த திறந்த நடையை 'கஞ்க்' என்பார்கள். ஏணியை 'லோய்த்ரா' என்பார்கள். பின்னிரண்டும் ஜெர்மனிலிருந்து வந்து குன்றில் குடியேறிய சொற்கள். கஞ்க் இல்லாத காங்கிரீட் வீட்டில் வளரும் குழந்தை அச்சொல்லை எதைக் காட்டிக் கற்கும்? பொருள் போன பிறகு சொல் அகராதியில்தான் இருக்கும். மொழிக்காகவும் அந்த வீடுகள் வேண்டும் என்பேன்.

இன்னொன்று. மரியா பிஸ்திரிட்சாவின் மாதா கோயிலுக்குப் போகும் பழைய யாத்திரை வழியில் லாஸ் போன்ற சிற்றூர்களில் இன்றும் மரப் பொம்மைகள் செய்கிறார்கள். ஆண்கள் வில்லோ, லிண்டன் மரங்களைக் காயவைத்துச் செதுக்குகிறார்கள். பெண்கள் முன்வரைவு இல்லாமல் கைபோன போக்கில் பூவும் கோடும் தீட்டுகிறார்கள். சக்கரம் வைத்த ஒரு பறவையைக் குச்சியால் தள்ளினால் இறக்கைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். 2009இல் யுனெஸ்கோ அந்தத் தொழிலை மரபுப் பட்டியலில் சேர்த்தது. காப்பதென்றால் கொல்வது என்று ஓடைக்கரை நினைத்தால், இந்தப் பறவைக்கு என்ன விடை சொல்வார்?

ஓடைக்கரை எழுதியது:

அந்தப் பறவை என் பக்கத்துச் சாட்சி. யாத்திரை வருபவர் குழந்தைக்கு வாங்கிப் போனதால் அது பிழைத்தது. பட்டியல் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கைமாறிக்கொண்டிருந்தது. வாங்குபவர் இருக்கும்வரை செய்பவர் இருப்பார். 1998இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து சாகிரேப் பேராயராக இருந்த ஸ்தெபினாட்ஸுக்கு அருளாளர் பட்டம் அளித்தபோது மரியா பிஸ்திரிட்சாவில் மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். அது கோயிலுக்கு வந்த கூட்டம், காட்சிக்கு வந்த கூட்டம் அல்ல.

ஆனால் கஞ்க்கைப் பற்றித் தாங்கள் சொன்னது என்னைச் சுட்டது. அந்தப் பாட்டியிடம், ஷ்த்ருக்லி மாவு இழுக்கும் முன் எங்கே ஆறவைப்பீர்கள் என்று கேட்டேன். "கஞ்க்கில்" என்றார். எழுந்து பார்த்தேன், அந்தக் கிளெத்தில் கஞ்க் இல்லை. மகன் அதை அடைத்துக் குளியலறை கட்டியிருந்தார். பாட்டி அந்தக் குளியலறையைத்தான் இன்னும் கஞ்க் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சுவடிக்கட்டு எழுதியது:

குளியலறை கட்டிய மகனைக் குறைசொல்ல மாட்டேன். மழையில் வெளியே போய்க் குளிக்க யாரும் விரும்புவதில்லை. கும்ரோவெட்ஸில் வைக்கோல் வேய்ந்த கூரைகள் சில இருக்கின்றன. அவற்றை மாற்றி வேயக் கை வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கை, அந்த மகனைப் போன்றவர்களின் வீட்டில் கஞ்க்கை இடிக்காமல் குளியலறை கட்டித்தரத் தெரிந்த தச்சர்களைப் பழக்கச் செலவிடலாம் என்றால் எனக்கு மறுப்பில்லை. பழக்கும் இடம் மட்டும் அந்த நாற்பது கட்டடங்களாகவே இருக்கட்டும்.

நெடுஞ்சாலை எழுதியது:

அப்படிப் பழகிய தச்சர் மறுவாரமே ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய்விட மாட்டார் என்பதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? 2023 ஜனவரியில் குரோஷியா ஐரோப்பாவின் எல்லைச் சோதனையற்ற ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது.