பயணத்திலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல்: முதல் மலேரியா டெஸ்ட் நெகட்டிவ் என்றால் விட்டுவிடலாமா?

கேள்வி (புறநோயாளர் பிரிவு மருத்துவர்):
கானாவில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தவர். திரும்பிய 11-ஆம் நாள் குளிர் காய்ச்சல், தலைவலி, இரண்டு முறை வயிற்றுப்போக்கு. வெப்பம் 39.4 டிகிரி செல்சியஸ், பிளேட்லெட் 92,000. மலேரியா கார்டு டெஸ்ட் (ஒரு துளி ரத்தத்தில் கோடு விழுகிறதா என்று பார்க்கும் விரைவுப் பரிசோதனை) நெகட்டிவ். தடுப்புக்கு டாக்சிசைக்ளின் சாப்பிட்டிருக்கிறார், ஆனால் திரும்பியதுமே நிறுத்திவிட்டார். டெங்கு என்று வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பலாமா? டைபாய்டுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கலாமா?

பதில் 1 (தொற்றுநோய்ப் பிரிவு):
தயவுசெய்து அனுப்பாதீர்கள் டாக்டர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், இல்லை என்று உறுதியாகும்வரை ஃபால்சிபாரம் மலேரியாதான் (மலேரியாவில் மிக ஆபத்தான வகை). ஒரு நெகட்டிவ் போதாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்க வேண்டும்.

டாக்சிசைக்ளினை ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். அது முக்கியமாக ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் தாக்கும். கல்லீரலில் வளர்ந்துகொண்டிருப்பவை வெளியே வரும்போது மாத்திரை இல்லையென்றால் நோய் வந்துவிடும். 11-ஆம் நாள் என்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

வயிற்றுப்போக்கு, இருமல் எல்லாம் ஃபால்சிபாரத்திலும் வரும். பிளேட்லெட்டும் குறையும். டெங்கு, கொசு கடித்த 4–10 நாளில் வரும், அதிகபட்சம் 14. கானாவில் கடைசிச் சில நாட்களில் கடி பட்டிருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். என்எஸ்1 (டெங்கு ரத்தப் பரிசோதனை) எடுங்கள், ஆனால் அது மலேரியா தேடலை நிறுத்தக் காரணமாகக் கூடாது. இப்யூபுரோஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், பாரசிட்டமால் மட்டும்.

டைபாய்டு சந்தேகம் நியாயம்தான். முதலில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்ப்பது), பிறகுதான் ஆன்டிபயாடிக். வைடால் டெஸ்ட்டை (டைபாய்டுக்கான எதிர்ப்பொருள் பரிசோதனை) நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பதில் 2 (ஆய்வகம்):
கார்டு ஏன் ஏமாற்றுகிறது என்று சொல்கிறேன். கிருமி மிகக் குறைவாக இருந்தால் கோடு விழாது. ஃபால்சிபாரம் சுரக்கும் எச்ஆர்பி2 என்ற புரதத்தைத் தேடும் கார்டு, அந்த மரபணுவே இல்லாத ஃபால்சிபாரத்தைப் பிடிக்காது. எரித்ரியாவிலும் பெருவின் அமேசான் பகுதியிலும் இது பெரிய சிக்கல். கிருமி மிக அதிகமாக இருந்தாலும் அரிதாக நெகட்டிவ் காட்டும்.

தடித்த ஸ்மியர், மெல்லிய ஸ்மியர் இரண்டும் போடுங்கள். தடித்ததை மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்யக் கூடாது. செய்தால் சிவப்பணு கரையாது, படலம் படிக்க முடியாமல் போகும். நெகட்டிவ் என்று எழுதுமுன் ஆயில் இமர்ஷனில் (எண்ணெய் விட்டுப் பார்க்கும் மைக்ரோஸ்கோப் லென்ஸ்) குறைந்தது 100 ஃபீல்டு, முடிந்தால் 200. இடிடிஏ (உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த ரத்தத்தை மணிக்கணக்கில் வைத்துவிட்டு ஸ்மியர் போட்டால் கிருமியின் உருவம் மாறிவிடும், இனம் பிரிப்பது கஷ்டம்.

பதில் 3 (தொற்றுக் கட்டுப்பாடு):
திரும்பி 21 நாளுக்குள் என்பதால் லாசா காய்ச்சலை (எலி வழியாகவும் நோயாளியிடமிருந்தும் பரவும் வைரஸ் நோய்) பற்றியும் கேட்டுவிடுங்கள்: கிராமத்தில் தங்கினாரா, எலி நடமாட்டம் இருந்ததா, நோயாளியைப் பராமரித்தாரா, இறுதிச் சடங்கில் உடலைத் தொட்டாரா. ஆம் என்றால் தனி அறை, கையுறை, மாஸ்க்; சாம்பிள் போகுமுன் ஆய்வகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. லாசா கேள்விகளுக்கு எல்லாமே இல்லை என்கிறார். இரண்டாவது ஸ்மியரில் ஃபால்சிபாரம், சிவப்பணுக்களில் 1.5 சதவீதத்தில் கிருமி. தெளிவாகப் பேசுகிறார், வாந்தி இல்லை. மாத்திரை போதுமா?

பதில் 1:
மூன்றாவது ஸ்மியருக்குக் காத்திராமல் இப்போதே தொடங்குங்கள். குழப்பம், தானாக உட்கார முடியாமை, வேகமான மூச்சு, கறுத்த சிறுநீர் எதுவும் இல்லை, சர்க்கரை, கிரியேட்டினின், பிலிருபின் சரி என்றால் மாத்திரை போதும். ஆர்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் 20/120 மி.கி., 35 கிலோவும் அதற்கு மேலும் எடை இருந்தால் வேளைக்கு 4 மாத்திரை: 0, 8, 24, 36, 48, 60-ஆம் மணி. ஒவ்வொரு வேளையும் பால் அல்லது கொழுப்புள்ள உணவோடு. வெறும் வயிற்றில் லூமிஃபான்ட்ரின் சரியாக உறிஞ்சப்படாது, நோய் திரும்பி வருவதற்கு அது ஒரு காரணம். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். முதல் நாள் உள்நோயாளியாகவே வைத்திருங்கள். முதல் 24 மணி நேரத்தில் கிருமி எண்ணிக்கை கூடக்கூடும். பிறகு நெகட்டிவ் ஆகும்வரை தினமும் ஸ்மியர்.

மேலே சொன்ன ஆபத்து அறிகுறி ஒன்று வந்தாலும் நரம்பு வழி ஆர்டிசுனேட், கிலோவுக்கு 2.4 மி.கி., 0, 12, 24-ஆம் மணி, பிறகு தினம் ஒன்று. அது கொடுத்தால் 4 வாரம் வரை வாராவாரம் ஹீமோகுளோபின். சிவப்பணு தாமதமாகச் சிதைவது உண்டு.

பதில் 2:
பின்தொடர்தலுக்குக் கார்டு வேண்டாம். எச்ஆர்பி2 வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கி பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும்.

பதில் 3:
வோல்டா ஏரியில் இறங்கினாரா என்றும் கேளுங்கள், சிஸ்டோசோமா (நன்னீரில் தோல் வழியாக உடலுக்குள் புகும் புழு) இருக்கலாம். அதற்கான பிராசிகுவான்டெல் இளம் புழுக்களைக் கொல்லாது, கடைசியாகத் தண்ணீரில் இறங்கி 6–8 வாரம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியில் ஓவாலே மலேரியாவும் உண்டு, அது கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் கானா பயணத் தேதிகளை எழுதி, அடுத்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் அதைக் காட்டி ஸ்மியர் கேட்கச் சொல்லுங்கள்.