புதுப்பிப்பு: அறுபதுக்கு மேல் செப்பாங்கில் ஆர்3

"அறுபது தாண்டியாச்சு. யமஹா ஆர்3 பைக்கை செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டேவுக்கு (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) எடுத்துப் போனால் மணிக்கட்டு தாங்குமா?" என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர், "பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருங்கய்யா" என்றீர்கள். போய்விட்டு பந்திங்கில் உள்ள வீட்டுக்கு முழுசாகத் திரும்பிவிட்டேன்.

மணிக்கட்டு தாங்கியது. இங்கே ஒரு தம்பி சொன்னபடி டேங்கின் இரு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தேன். பின்பக்க நேர்பாதை முடிந்து 15-ஆவது வளைவு வரும் இடத்தில் பிரேக்கை அழுத்தினால் உடம்பு முன்னால் சரியும். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் பாரம் தொடைக்குப் போய்விடும், கை லேசாகும். இப்போது வலி தொடையில்தான். அதற்கு வீட்டில் தைலம் இருக்கிறது.

டயர் காற்றை பிட்டுக்குள் (தடத்தோரம் வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்ததும் சூட்டோடு அளந்து குறைத்தேன். சாலைக்கு வைக்கும் காற்றோடு ஓட்டினால் சூட்டில் அழுத்தம் ஏறிப் பிடிமானம் கெடும்.

ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். நேர்பாதையில் ஆயிரம் சிசிக்காரர்கள் பறந்தார்கள். 321 சிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வளைவில் சிலரைப் பிடித்தேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா! உண்மையில் வாட்டியது வெயிலும் தோல் உடுப்பும்தான்.

காப்புறுதி பற்றிக் கேட்டவருக்கு: சாலைக் காப்புறுதி பொதுவாக டிராக்கில் செல்லாது, விழுந்தால் செலவு நம்முடையது.

தோட்டத்துப் பையன்கள் சிலர் வர ஆசைப்படுகிறார்கள். செம்பனை லாரிக்கு நடுவே முறுக்குவதைவிட அங்கே முறுக்கட்டும். உடுப்பு மட்டும் இரவல் கேட்காதீர்கள் தம்பிகளே, என் தொப்பைக்கு அளவெடுத்தது.