ஒட்டகம் ஓட்டியவன் ஆப்கானியனா, இந்தியனா?

கரிசல்காடு: ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்துக்கு வழி திறந்தவர்கள் நம் ஆட்கள். 1860இல் ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கக் கிளம்பிய பர்க், வில்ஸ் குழுவுக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் கப்பலில் போயின, ஓட்டியவர்களும் கூடவே போனார்கள். அவர்களை ‘ஆப்கான்’ என்பது வெள்ளைக்காரன் ஒட்டிவிட்ட பெயர்.

சந்தேகசாமி: வந்துட்டாருய்யா. அந்த ஊர் ரயிலுக்கே ‘கான்’ என்றுதான் பெயர், ஆப்கானின் வால். கராச்சியில் கப்பல் ஏறினால் இந்தியனா? தூத்துக்குடியில் ஏற்றிய சரக்கெல்லாம் தூத்துக்குடியில் விளைந்ததா?

கரிசல்காடு: கராச்சி அப்போது பம்பாய் மாகாணம், ஐயா. போனவர்களில் பலூச்சி, சிந்தி, பஞ்சாபி, பட்டாணியர் எல்லாரும் உண்டு. பர்க் குழுவில் சம்லா என்று ஓர் இந்து இருந்தார், சாப்பாடு ஒத்துவராமல் பாதியிலேயே விலகிவிட்டார். அவரும் ஆப்கானியரோ?

சந்தேகசாமி: ஒரு சம்லாவை வைத்துக்கொண்டு ஊரையே இந்தியாவாக்குகிறீர்கள். நான் கேட்டது கராச்சி. துறைமுகம் வேறு, ஊர் வேறு.

மெல்பர்ன்வாசி: ஒட்டகத்தை விடுங்களேன். 1797இலேயே கல்கத்தாவிலிருந்து சாராயம் ஏற்றி வந்த ‘சிட்னி கோவ்’ கப்பல் டாஸ்மேனியாப் பக்கம் உடைந்தது. உதவி தேடிப் படகில் கிளம்பிய 17 பேர், அதுவும் உடைய, கரையோரமாகவே சிட்னிக்கு நடந்தார்கள். 12 பேர் லஸ்கர்கள், நம் மாலுமிகள்தான். போய்ச் சேர்ந்தது மூன்றே பேர், அதில் ஒருவர் லஸ்கர்.

சந்தேகசாமி: நல்ல கதை. கராச்சிக்குப் பதில் எங்கே? 1866இல் பண்ணை முதலாளி தாமஸ் எல்டர் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் நூற்றுக்கு மேல் ஒட்டகம் இறக்கினாரே, அதுவும் கராச்சியில் ஏறியதுதான். அதனால் இந்திய ஒட்டகமா? பாஸ்போர்ட் வைத்திருந்ததா?

கரிசல்காடு: அந்தக் காலத்தில் மதராஸ் பட்டாளத்துக்கு வந்த ‘வேலர்’ குதிரைகள் அரேபியக் குதிரைகள் என்று போன மாதம் அடம்பிடித்தது நீங்கள்தானே? நியூ சவுத் வேல்ஸ் குதிரை என்று சொன்னதும் அந்தப் பதிவையே காணோம்.

சந்தேகசாமி: பேச்சை மாற்றாதீர். அதை நான் அழிக்கவில்லை, திருத்தினேன்.

மெல்பர்ன்வாசி: வெள்ளையரல்லாதவர்களைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் 1901 குடியேற்றச் சட்டம் வந்தபோது ஆப்கானியன், இந்தியன் ரெண்டு பேருக்கும் ஒரே கதவைத்தான் சாத்தினார்கள்...

சந்தேகசாமி: மெல்பர்னில் இருந்தால் நடுவராகிவிடலாமா தம்பி? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், கராச்சியா, காபூலா?

கரிசல்காடு: முதலில் அந்தக் குதிரைப் பதிவைத் திரும்பப் போடுங்கள். அப்புறம் கராச்சிக்கு வருகிறேன்.

சந்தேகசாமி: வரமாட்டீர்கள், தெரியும். துறைமுகம் வேறு, ஊர் வேறு.